வெளிநாட்டில் வாழ்பவர்கள் மலையில் வீடு வாங்க ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: நீலகிரியும் பழனி மலையும்

சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று எங்கே இருந்தாலும், மலையில் ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் நம் மக்கள் முதலில் கேட்பது, அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு தெரியுமா என்பதைத்தான். கோத்தகிரியில் குடியிருக்கும் எனக்கு இந்தக் கேள்வி உறவினர்களிடமிருந்தும் அவர்களுடைய நண்பர்களிடமிருந்தும் அடிக்கடி வருகிறது. நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: காட்சியைக் கடைசியில் பாருங்கள். அந்த இடத்தை வாங்க உங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா, மழையில் அந்த மண் நிற்குமா, கோடையில் அங்கே தண்ணீர் வருமா என்ற மூன்றும் தேறிய பிறகே ஊட்டியா, குன்னூரா, கொடைக்கானலா என்று பேசுவதில் பொருள் உண்டு.

வாங்க முடிந்த இடமா?

வெளிநாடுவாழ் இந்தியரும், ஓ.சி.ஐ. அட்டை பெற்ற இந்திய வம்சாவளியினரும் இந்தியாவில் வீடு, வீட்டுமனை, வணிகக் கட்டடம் ஆகியவற்றை ரிசர்வ் வங்கியின் தனி அனுமதியின்றி வாங்கலாம். ஆனால், 1999 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளின்படி, விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் அவர்கள் விலைக்கு வாங்க முடியாது. சென்னையிலோ கோவை நகரத்திலோ அடுக்குமாடி வீடு வாங்குகிறவருக்கு இந்த விதி கண்ணில் படாமலே போய்விடும். மலையில் அப்படியல்ல. இங்கே விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி தேயிலையும் காபியும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் நிலம். "தேயிலைத் தோட்டத்தின் நடுவே இருபது சென்ட், வீடு கட்டிக்கொள்ளலாம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்துக்குப் பின்னால் இருக்கும் பட்டாவில் புன்செய் என்றுதான் எழுதியிருக்கும்; மனைப்பிரிவு அனுமதி எதுவும் இருக்காது. அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளிநாட்டில் வாழும் உங்களுக்கு உரியதல்ல.

ஆகவே தரகரிடம் விலையைக் கேட்பதற்கு முன், நகர் ஊரமைப்புத் துறையின் மனைப்பிரிவு அனுமதி எண்ணையும், கட்டிய வீடாக இருந்தால் அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தையும் சொத்துவரி ரசீதையும் கேளுங்கள். இவை வந்து சேர்ந்த பிறகு மேற்கொண்டு பேசலாம். தொலைவில் இருப்பவருக்கு, முறையான அனுமதியுடன் கட்டி, சில மழைக்காலங்களைத் தாங்கி நிற்கும் வீடுதான் காலி மனையைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து. சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும், கட்டடம் கட்ட அனுமதிக்கு அலைவதும் மேஸ்திரியைத் தொலைபேசியில் துரத்துவதும் மிச்சம்.

விவசாய நிலத்தை ஊரில் இருக்கும் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ வாங்கிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. பணம் ஒருவருடையது, பத்திரம் இன்னொருவர் பெயரில் என்றால் பினாமிச் சட்டத்தின் கேள்விகள் எழும். அண்ணனுக்குப் பின் அவருடைய வாரிசுகளோடு உங்களுக்கு வழக்கும் எழும். பெற்றோரின் தோட்டம் வாரிசுரிமையாக உங்களுக்கு வருவது வேறு, அதற்குத் தடையில்லை.

இலங்கைக் குடியுரிமை உள்ள தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை இல்லாத இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வீட்டுச் சொத்தும் வாங்க முடியாது.

மலைக்கென்றே இருக்கும் சட்டங்கள்

சமவெளியில் நிலம் பார்த்துப் பழகிய வழக்கறிஞர் இவற்றில் பாதியைக் கேட்காமல் விட்டுவிடக்கூடும் என்பதால், உள்ளூரில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.

1949 ஆம் ஆண்டின் தனியார் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை உரிய குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பட்டா விற்பவர் பெயரிலேயே இருந்தாலும் அந்த விற்பனை செல்லாது. 1955 ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தால், உங்கள் மனையில் நிற்கும் மரத்தையும் அனுமதி பெற்றுத்தான் வெட்டலாம். 1990 முதல் செயல்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனைப்பிரிவுக்கும் கட்டுமானத்துக்கும் கூடுதல் அனுமதிகள் வேண்டும். 1993 ஆம் ஆண்டின் கட்டட விதிகள் கட்டடத்தின் உயரத்தை 7 மீட்டருக்குள் நிறுத்தின. மண்ணைத் தோண்டப் பொக்லைன் கொண்டுவருவதற்கும் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படுகிறது. "வாங்கிய பிறகு மேலே ஒரு மாடி எழுப்பிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அனுமதித் தாளை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே நிலம் பிற இடங்களைவிட மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நிலம்பூர் அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களாக, அதாவது பரம்பரை உரிமை நிலங்களாக, இருந்தவற்றை, உழுபவர் அரசிடம் நேரடியாக நிலம் பெறும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969 இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 17 ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமை இன்றுவரை தீராத சிக்கலாகவே தொடர்கிறது; பல தலைமுறைகளாக அங்கே வாழும் குடும்பங்களுக்கே பட்டாவும் மின் இணைப்பும் பெரும் போராட்டமாக இருந்திருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தாங்கிக்கொள்ளும் அந்த நிலையில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் விலை கொடுத்து நுழைவது சரியல்ல.

மசினகுடியும் பொக்காபுரமும் அதே எச்சரிக்கைக்கு உரியவை. சீகூர் பீடபூமி வழியாகச் செல்லும் யானை வழித்தடத்தைத் தமிழக அரசு 2010 இல் அறிவிக்கை செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 இல் அதை ஏற்றது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2018 இல், அங்கிருந்த பல ரிசார்ட்டுகள் நீதிமன்ற ஆணைப்படி மூடி முத்திரையிடப்பட்டன. யானை போகும் வழியில் வீடு வாங்கக் கூடாது என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியதில்லை என்றாலும், தீர்ப்பும் இருக்கிறது.

பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கிய, பிறருக்கு விற்கக் கூடாத நிலம்), அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம் ஆகியவை இரு மலைகளிலும் உண்டு. கிராமத்து நிலங்களுக்கான அரசுப் பதிவேடான அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் இது தெரியவரும். பட்டாவோடு நின்றுவிடாமல் அ-பதிவேட்டின் நகலையும் வாங்கிப் படிப்பது இதற்காகத்தான். குன்னூரை அடுத்த வெலிங்டனில் ராணுவக் குடியிருப்புப் பகுதியான கன்டோன்மென்ட் எல்லைக்குள் வரும் பழைய பங்களாக்களில், கட்டடம் ஒருவருடையதாகவும் அதன் அடியில் உள்ள நிலம் அரசுடையதாகவும் இருக்கலாம். அதையும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மண்ணையும் நீரையும் பார்ப்பது

1978 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் நீலகிரியில் நிகழ்ந்த மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. 2009 இல் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்ட் 8 ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. மாவட்ட நிர்வாகம் மழைக்கு முன் கண்காணிக்கும் அபாயப் பகுதிகள் 283 என்று பட்டியலே இருக்கிறது. நீங்கள் வாங்கும் இடம் அதில் வருகிறதா என்று வருவாய்த் துறையில் கேட்பதற்கு ஒரு மனு போதும்.

மனுவோடு நிற்காமல், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இடத்தைப் பாருங்கள். விடுமுறைக்கு வரும் மே மாதத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மனையில் நின்று கீழே பார்ப்பதற்கு முன் திரும்பி மேலே பாருங்கள், ஏனென்றால் ஆபத்து வருவது பெரும்பாலும் மேல் சரிவிலிருந்துதான். மரங்களின் அடித்தண்டு சரிவை நோக்கி வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால், அங்கே மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். சாய்ந்த மின்கம்பம், தார்ச் சாலையின் வெளி ஓரத்தில் பிறை வடிவில் விட்டிருக்கும் விரிசல், புதிதாகப் பூசி மறைத்த சுவர் ஆகியவையும் அதையே சொல்லும். தடுப்புச் சுவர் இருந்தால் அதன் நீர்க்கசிவுத் துளைகளில் விரலை வைத்துப் பாருங்கள். தெளிந்த நீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. கலங்கிய செந்நீர் வந்தால் சுவருக்குப் பின்னாலிருக்கும் மண் கரைந்து வெளியேறுகிறது. துளைகள் வறண்டு கிடக்க, சுவரின் நடுப்பகுதி வெளியே உப்பியிருந்தால், உள்ளே நீர் தேங்கிச் சுவரைத் தள்ளுகிறது. அந்த வீட்டை விட்டுவிடுங்கள். துளையே வைக்காமல் கட்டிய சுவர்களும் நிறைய இருக்கின்றன, குறிப்பாக விற்பதற்கென்றே அவசரமாகக் கட்டிய இடங்களில்.

கிராம நிர்வாக அலுவலரிடம் நில அளவை வரைபடமான புலப்படத்தைப் பார்க்கும்போது, எல்லைக் கோடுகளுக்கு இடையே மனையைத் தொட்டுக்கொண்டோ கடந்தோ ஓடை எதுவும் வரைந்திருக்கிறதா என்று தேடுங்கள். நிலத்தில் நின்று பார்த்தால் அங்கே ஓடை தெரியாது. மண்ணைக் கொட்டி மட்டமாக்கித் தோட்டமாகக் காட்டியிருப்பார்கள். தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. பெருமழையில் அது அந்தப் புலப்படத்தில் இருக்கும் இடத்துக்கே திரும்பி வரும்.

அதே புலப்படத்தில் பாதையையும் பாருங்கள். மலையில் பல மனைகளுக்குப் போகும் வழி வேறொருவரின் தோட்டத்துக்குள் புகுந்து போகிறது. இன்று கேட் திறந்திருக்கலாம். நாளை தோட்டம் கைமாறினால் பூட்டிவிடுவார்கள். வண்டிப் பாதை உரிமை, அதன் அகலத்தோடு, கிரயப் பத்திரத்திலும் மூலப் பத்திரத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தண்ணீருக்கு மலையில் பஞ்சமா என்று வியப்பவர்கள் மார்ச், ஏப்ரலில் குன்னூரில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம். மேட்டில் இருக்கும் வீடுகளுக்குக் குழாய் நீர் பல நாள் இடைவெளியில் வருவது அங்கே வழக்கம்தான். லாரித் தண்ணீர் வாங்க வேண்டும் என்றால் லாரி ஏறும் சாலை வேண்டும். ஆழ்துளைக் கிணற்றை நம்ப முடியாததால், கூரை நீரைச் சேர்க்கும் பெரிய தொட்டி உள்ள வீட்டுக்கு நான் தனி மதிப்புக் கொடுப்பேன். விற்பவரிடம் கேட்பதைவிட, பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

எந்த ஊர் யாருக்கு?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். இதயக் கோளாறும் மூச்சுத் திணறலும் உள்ள பெற்றோரை அங்கே ஆண்டு முழுவதும் குடிவைக்க நினைப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊட்டிக்குப் பெரிய பலம். ஆனால் சீசன் நாட்களில் நகருக்குள் இரண்டு கிலோமீட்டர் போவதற்குப் படும் பாடு, அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

குன்னூர் அதைவிடத் தாழ்வாக, சுமார் 1,850 மீட்டரில், இதமான குளிரோடு இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாக ஏறினால் முதலில் வருவதும் குன்னூர்தான், ஆகவே கோவை விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு வசதி. இதன் குறை வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த மலைப்பாதையில் மண்ணும் மரமும் விழுந்து போக்குவரத்து நிற்பது அடிக்கடி நடக்கிறது.

கோத்தகிரியை நான் பரிந்துரைப்பதற்கு நான் இங்கே வாழ்வது மட்டும் காரணமல்ல. தொட்டபெட்டா மலைத்தொடர் மேற்கே மறைத்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழையின் கடுமை இங்கே குறைந்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து நேர்ப் பாதை இருக்கிறது. கூட்டம் குறைவு. எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: பெரிய சிகிச்சை எதுவானாலும் கோவைக்கு இறங்க வேண்டும், கரடிகள் இரவில் குடியிருப்புக்குள் வருவதும், ஆள் இல்லாத வீட்டின் கதவை உடைத்து உணவு தேடுவதும் இங்கே நடக்கிறது, காட்டுமாடு தோட்டத்தில் மேய்வது அன்றாடக் காட்சி. படுகர்களின் ஊர்களான ஹட்டிகளை ஒட்டி நிலம் வாங்கும்போது, பாகம் பிரிக்காத குடும்பச் சொத்தா என்று கவனித்து, பங்குதாரர் அனைவரின் கையெழுத்தும் பத்திரத்தில் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழனி மலையில் கொடைக்கானல் நகரம் சுமார் 2,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்கு இதுவே இயல்பான தேர்வு. மதுரை விமான நிலையத்திலிருந்து வத்தலகுண்டு வழியாக ஏறலாம், பழனியிலிருந்தும் பாதை உண்டு. ஆனால் அனுமதி இல்லாத கட்டடங்களுக்கு எதிரான உயர் நீதிமன்ற நடவடிக்கைகளால் இங்கே பல விடுதிகளும் கட்டடங்களும் முத்திரையிடப்பட்டன. ஆகையால் நகராட்சி எல்லைக்குள் வாங்குபவர் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை அறை அறையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு படுக்கையறை, நேரில் ஐந்து என்றால் மீதி மூன்றுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊராட்சிகளில் பெரும்பாலும் விவசாய நிலமே விற்பனைக்கு வருவதால், வெளிநாட்டில் வாழ்பவருக்கு வாய்ப்பு மிகக் குறைவு. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டு மின்சாரம் இல்லாமல் இந்த ஊர்கள் தவித்ததையும் நினைவில் வைக்க வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப் பழனிப் பகுதி அழகானது, குளிரும் அளவானது. அங்கே நிலம் என்றாலே காபித் தோட்டம் என்பதால் மேலே சொன்ன தடை அப்படியே பொருந்தும்.

வாடகை வருமானத்தை நம்பலாமா?

வருமானத்துக்காக மட்டும் இங்கே வீடு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. குடியிருப்புக்கு அனுமதி பெற்ற வீட்டைக் காட்டேஜ் என்று நாள் வாடகைக்கு விட்டால், உரிய பதிவும் அனுமதியும் இல்லாத நிலையில் அதிகாரிகள் முத்திரையிடுவது இரு மலைகளிலும் நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது. 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. மலைக்கு இது தேவையான கட்டுப்பாடு என்றே நான் நம்புகிறேன், ஆனால் சுற்றுலாவை நம்பிக் கணக்குப் போடுபவர் இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

செலவுப் பக்கத்தில், வாங்கும்போதே முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் போய்விடும். ஈரத்தில் சுவரும் மரச்சாமானும் பூஞ்சை பிடிப்பதால், ஆள் இல்லாத வீட்டுக்கு ஆண்டுதோறும் பெயின்ட்டும் கூரைப் பழுதும் வந்துகொண்டே இருக்கும். விற்க நினைத்தால் வாங்குபவர் உடனே அமைவதில்லை. நகரத்து மனை போல ஒரே மாதத்தில் பணமாக்க முடியாது. ஆண்டில் சில வாரமாவது வந்து தங்குவோம், ஓய்வுக்குப் பின் இங்கேயே இருப்போம் என்பவர்களுக்குத்தான் இந்த முதலீடு பொருந்தும்.

பணம், பத்திரம், அதற்குப் பின்

இடம் முடிவான பிறகு, வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்திலேயே இதைப் பெறலாம். பட்டா விவரத்தையும் வெளிநாட்டில் இருந்தபடியே இணையத்தில் சரிபார்க்கலாம். வங்கிக் கடன் தேவையில்லாவிட்டாலும் ஒரு சிறு தொகைக்கு விண்ணப்பிப்பது நல்லது, ஏனென்றால் வங்கியின் வழக்கறிஞரும் பொறியாளரும் ஒருமுறை இடத்தைப் பார்த்துவிடுவார்கள். வங்கி தயங்கும் சொத்துக்கு நீங்களும் தயங்குங்கள்.

பணம் முழுவதும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வழியாகவோ வெளிநாட்டிலிருந்து நேரடி வங்கிப் பரிமாற்றமாகவோ போக வேண்டும். பத்திரத்தில் ஒரு விலை, ரொக்கமாக மீதி என்ற பேச்சுக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. ரொக்கமாகக் கொடுத்த பகுதியை, பின்னாளில் விற்று வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும்போது கணக்கில் காட்ட முடியாது. விலை 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் என்றால், உள்நாட்டில் வாழும் விற்பனையாளருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீத வரியை வாங்குபவரே பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவரும் வெளிநாட்டில் வாழ்பவர் என்றால் பிடித்தம் பல மடங்கு கூடும், அதைப் பிடிக்கத் தவறினால் வரித்துறை கேட்பது உங்களைத்தான். ஆகவே ஆடிட்டர் ஒருவரை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் வர முடியாதவர்கள் பவர் பத்திரம் எழுதினால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்தப் பவரில் இந்தச் சர்வே எண், இந்தச் சொத்து, வாங்குவதற்கு மட்டும் என்று எழுதுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் கொடுக்கும் பொதுப் பவர் தேவையில்லை.

பதிவு முடிந்த கையோடு பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு நான்கையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளோடு சம்பளம், பொறுப்பு, தங்கும் அறை ஆகியவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சம்பளம் கொடுங்கள், ஏனென்றால் உங்கள் வீடு அவர் கண்ணை நம்பித்தான் இருக்கிறது. மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், இரண்டு பருவமழைக்கும் முன்னால், வடிகால்களையும் தடுப்புச் சுவரின் துளைகளையும் அவர் சுத்தம் செய்து, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பட்டும்.